ஏழாவது கால்

மணல் வறுக்கிறவள் என்று மலாயாவின் ஈப்போ வட்டாரத்தில் என்னை ஒரு காலத்தில் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களில் பாதிப் பேருக்கு மணலை எதற்காக வறுக்க வேண்டும் என்று தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். கேட்ட இரண்டு பேரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் போகும் சாலையில் பாதி தூரத்தில் பிரிந்து, ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் போகிற ரோட்டில் ஆறு ஒன்று குறுக்கே ஓடியது. ஆறு என்பது மரியாதைக்குச் சொல்வது. மழை இல்லாத நாளில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டிவிடலாம். மழை பெய்தால் மட்டும் அதற்குச் சாமி வந்துவிடும். அப்படி ஒரு நாள் ஆடி, பழைய மரப்பாலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் செங்கல்லால் வளைவுப் பாலம் கட்ட எங்களை அனுப்பினார்கள். கல் வைப்பது பெரிய கொத்தனாரும் அவருடைய ஆட்களும். சுண்ணாம்பும் மணலும் என் பொறுப்பு. எனக்குக் கீழே ஐந்து சித்தாள் பெண்கள். எங்கள் எல்லோருக்கும் மேலே வாரம் ஒருமுறை மோட்டார் காரில் வந்து போகும் வெள்ளைக்கார இன்ஜினியர் துரை.

ஒரு நாள் துரையின் காரிலிருந்து இரண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். இரண்டு பேர் காலிலும் வெள்ளைச் சப்பாத்து, கையில் நோட்டுப் புத்தகம். கோலாலம்பூரில் கட்டட வேலை படிக்கிறவர்களாம். ஆறு மாதம் வேலை நடக்கிற இடத்தில் இருந்து பழகிவிட்டு, துரையிடம் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டுமாம். ஒருவன் தமிழன், தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டுகிறவருடைய மகன், பாதிரியார் ஒருவர் தயவில் இங்கிலீஷ் படித்தவன். மற்றவன் ஈப்போச் சீனன். அவனுடைய அம்மா லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், மரத் தட்டை வைத்து மணலை அலசி ஈயம் பொறுக்குகிறவள். பெயர்கள் வேண்டாம். நாங்கள் அழைத்த மாதிரியே தாப்பாக்காரன், ஈப்போக்காரன் என்றே சொல்கிறேன்.

பெரிய கொத்தனார் அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மொதல்ல சுண்ணாம்பு அக்காகிட்ட போங்க. அவ விட்டா எங்கிட்ட வாங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு மேல் இருக்கும். வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது சப்பாத்துப் போட்ட இரண்டு மாப்பிள்ளைகளுக்கு நான் என்னத்தைச் சொல்வது? ஒரு கொட்டாங்குச்சியை எடுத்தேன். அதன் கண்ணைக் குத்தித் திறந்து, காய்ந்த மணலைப் போட்டேன். மணல் சரசரவென்று இறங்கியது. பிறகு ஈர மணலைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை, தட்டினேன், அப்போதும் வரவில்லை. அதே ஈர மணல் மேல் செம்புத் தண்ணீரைச் சாய்த்தேன். தண்ணீரோடு மணலும் ஓடியது.

"இந்தா பாருங்க தம்பி, மணலுக்கு மூணு குணம். காஞ்சிருந்தா நடக்கும். ஈரமா இருந்தா நிக்கும். தண்ணிக்குள்ள இருந்தா ஓடும். அவ்வளவுதான், பாடம் முடிஞ்சுது. சப்பாத்தைக் கழட்டிட்டு வந்து சல்லடையைப் புடிங்க."

தாப்பாக்காரன் அதை எழுதிக்கொண்டான். மணலைப் பற்றி நான் சொன்னதை ஒருவன் எழுதிக்கொள்கிறான்! என் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று வேலை முடிந்து, நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் திரும்பும்போது அந்தப் புத்தகத்தையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதைச் சொன்னாலும், "எப்படித் தெரியும் அக்கா?" என்று கேட்பான். சுண்ணாம்பு வெந்துவிட்டது என்பேன். எப்படித் தெரியும்? கலவை இன்றைக்குச் சரியாக வரவில்லை என்பேன். எப்படித் தெரியும்? முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. மண்டையில் குட்டலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு பதில் தேட ஆரம்பித்தேன். வெந்த சுண்ணாம்பு தொட்டியில் முணுமுணுப்பதை நிறுத்திவிடும். அதைக் காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவன் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. கலவையைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழுவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் தங்க வேண்டும். பத்து வருஷமாக என் கைக்குத் தெரிந்திருந்தது என் வாய்க்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இவ்வளவு விஷயம் எனக்குள்ளே இருக்கிறதா என்று மலைத்துப்போனேன். படிக்காதவள் என்று என்னை நானே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

ஈப்போக்காரன் அதிகம் பேச மாட்டான். பேசினாலும் பாதி மலாய், பாதி எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழ். கையால் செய்துகாட்டினால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வான். இரண்டாம் மாதம் இரண்டு பேரும் வெறுங்காலோடு நின்றார்கள். பெரிய கொத்தனார் வந்து கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

வளைவு கட்டுவது எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செங்கல் அந்தரத்தில் நிற்காது. முதலில் வளைவின் வடிவத்தில் மரத்தால் ஒரு கூடு செய்து, அதைக் கால்கள் மேல் நிறுத்தி, அந்தக் கூட்டின் முதுகில் கல்லை அடுக்கிக்கொண்டு வருவோம். உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கி, சுண்ணாம்பு பிடித்த பிறகு கூட்டை இறக்கிவிட வேண்டும். அதுவரை மரம் சுமந்த பாரத்தை அதற்கப்புறம் கல் தானே சுமக்கும். இறக்கும்போது ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தினால் வளைவு முறுக்கிக்கொண்டு வெடித்துவிடும். முன்பு கட்டிய வளைவுகளில் நாங்கள் கால்களுக்கு அடியில் ஆப்பு வைத்து, அதைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் இறக்கியிருந்தோம். ஒவ்வொரு தட்டுக்கும் தலையைக் குனிந்துகொள்வோம்.

இந்த முறை துரை புது முறை ஒன்றைச் சொன்னார். கூட்டின் ஆறு கால்களும் தரையில் நிற்காது. ஒவ்வொரு காலும் ஒரு மரப்பெட்டிக்குள் நிரப்பிய மணல் மேல் நிற்கும். பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை, அதில் ஒரு தக்கை. தக்கையைப் பிடுங்கினால் மணல் இறங்கும், மணலோடு காலும் இறங்கும், சத்தமில்லாமல், அதிராமல். தாப்பாக்காரன் படம் போட்டுக் காட்டினான். நான் கொட்டாங்குச்சியில் காட்டிய வேடிக்கை! ஒரு பாலத்தையே அதன் மேல் நிறுத்தலாம் என்று யாரோ எங்கேயோ யோசித்திருக்கிறார்கள்.

மணல் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். எங்கள் பேராக் பக்கத்து மழைக்கு வெயிலை நம்ப முடியாது. தோட்டத்துத் திருவிழாவுக்குச் சோறாக்கும் பெரிய இரும்புச் சட்டியைக் கேட்டு வாங்கி, ரப்பர் மர விறகை அடுக்கி, மாவு வறுப்பது போல இரண்டு நாள் மணலை வறுத்தோம். இரண்டு மாணவர்களும் முறை போட்டுக் கிளறினார்கள். "பலகாரம் ஆயிருச்சா மாப்பிள்ளைங்களா?" என்று என் பெண்கள் ஓட்டினார்கள். வறுபட்ட மணலை உயரத்திலிருந்து சட்டியில் விட்டால் பச்சரிசி கொட்டுவது போலச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வரும்வரை ஒரு சட்டியையும் இறக்கவிடவில்லை. ஈரக் கையோடு வந்தவனை விரட்டினேன். பெட்டிகளை நிரப்பிக் கால்களை நிறுத்தியதும், மழை இறங்காமல் காலுக்கும் பெட்டிக்கும் நடுவே தோட்டத்து ரப்பர் ஷீட்டால் சுற்றிக் கட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று வாய் வலிக்கச் சொன்னவள் நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவு முடிந்தது. சுண்ணாம்பு இறுகக் காத்திருந்தோம். கூட்டை இறக்கும் நாள் வந்தது. அன்று சாயந்திரம் துரை மாணவர்களுடைய தாளில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. இறக்குகிற வேலையைத் தாப்பாக்காரன் நடத்த வேண்டும், அதுதான் அவனுக்குப் பரீட்சை. கையெழுத்து இல்லாமல் போனால் பள்ளிக்கூடம் திரும்பச் சேர்த்துக்கொள்ளாது. அப்பாவின் பக்கத்தில் நின்று பால் வெட்ட வேண்டியதுதான்.

எங்கள் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூட்டை இறக்குகிற நாள் வளைவுக்குப் பிரசவ நாள். பிள்ளை பெற்றவள் ஒருத்தி, கூடு இறங்குவதற்கு முன் அதன் கால்களில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குங்குமம் வைக்க வேண்டும். இத்தனை நாள் சுமந்த கால்கள் அல்லவா? லயத்தில் எனக்கு மூன்று வயது மகள் இருந்தாள், அதனால் செம்பு எப்போதும் என் கைக்குத்தான் வரும். காலையில் குளித்துவிட்டு, பெண்கள் குலவையிட, செம்போடு கூட்டுக்கு அடியில் போனேன். கிழக்கே இருந்த ஆறாவது காலில் ஆரம்பித்தேன். ரப்பர் ஷீட்டை அவிழ்த்தேன். கும்பிட்டேன். ஊற்றினேன்.

மணல் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது. சுரீர் என்று ஒரு சின்னச் சத்தம்.

அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஆப்பு வைத்த காலத்தில் எத்தனையோ கால்களில் ஊற்றியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. கை பழைய வேலையைச் செய்துவிட்டது. இரண்டு நாள் நெருப்பில் வெந்து வறுத்த மணலில், ஒரு செம்புத் தண்ணீரை என் கையாலேயே கொட்டிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. பெண்கள் இன்னும் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள். துரையின் கார் வரும் சத்தம் ரோட்டில் கேட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஷீட்டை மறுபடியும் கட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் ஐந்து கால் இறங்கி ஒரு கால் நின்றால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். தக்கையைப் பிடுங்க அடியில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தாப்பாக்காரனை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவன் முகம் சாம்பலாகிவிட்டது.

"எவ்வளவு ஊத்தினீங்க அக்கா?"

"முழுச் செம்பு."

அவன் என்னைத் திட்டவில்லை. நேரே துரையிடம் போய் இங்கிலீஷில் என்னவோ சொன்னான். துரை என்னைப் பார்த்தார், கையிலிருந்த செம்பைப் பார்த்தார், மேற்கே திரண்டிருந்த மேகத்தைப் பார்த்தார். மலைப்பக்கம் மழை இறங்கினால் ஆறு கூட்டையே அடித்துக்கொண்டு போய்விடும். தள்ளிப்போட முடியாது. அவன் திரும்பி வந்தான்.

"இன்னைக்கே இறக்கணுமாம். வழி இருந்தா செய்யுன்னு சொல்றாரு. வளைவுல விரிசல் விட்டா கையெழுத்து கெடையாதாம்."

பெரிய கொத்தனார் கம்பியை விட்டுக் கிளறலாம் என்றார். கிளறினால் ஈர மணல் கட்டியாகப் பொலபொலவென்று விழும், கால் தடாலென்று இறங்கும். வேண்டாம் என்றேன். வேறு என்ன என்று கேட்டார். பத்து வருஷம் மணலோடு பிழைத்தவள், மணலைப் பற்றி ஒன்றும் தெரியாதவளைப் போல நின்றேன்.

தாப்பாக்காரன் தன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினான். முதல் பக்கத்திலேயே நிறுத்தினான்.

"காஞ்சிருந்தா நடக்கும். ஈரமா இருந்தா நிக்கும். தண்ணிக்குள்ள இருந்தா ஓடும்." தலையை நிமிர்த்தினான். "அக்கா, ஓட விடலாமா?"

என் வார்த்தை. எனக்கே வந்து சேர்ந்தது. நான் அழுதுவிட்டேன், அதை மறைக்க முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "ஓட விடலாம். அளவா ஊத்தத் தெரிஞ்ச கை வேணும்" என்றேன்.

"நான் லா" என்றான் ஈப்போக்காரன், தன் பாதி மலாய்த் தமிழில். அவ்வளவுதான் சொன்னான். அம்மாவுடைய தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணலில் தண்ணீர் விட்டு வளர்ந்தவன். தேத்தண்ணி போடும் கெண்டியை நிரப்பிக்கொண்டு ஆறாவது பெட்டியருகே வந்து குந்தினான். ஓட்டையில் விரல் வைத்து அடைக்க நான் உட்கார்ந்தேன். மற்ற ஐந்து பெட்டிகளுக்கும் ஐந்து ஆட்கள். ஒவ்வொரு காலிலும் பெட்டியின் விளிம்புக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் பென்சில் கோடுகள் இழுத்திருந்தான் தாப்பாக்காரன். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஒரு கோடு இறங்கினதும் எல்லோரும் அடைத்துவிட்டு, மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். அவன் நடுவில், வளைவின் உச்சிக்கு நேர் கீழே நின்றான். அங்கே நிற்கும்படி அவனிடம் யாரும் சொல்லவில்லை.

"ஒண்ணு" என்றான்.

ஐந்து பெட்டிகளில் மணல் நடக்கும் சத்தம் கேட்டது. என் பெட்டியில் மௌனம். ஈப்போக்காரன் காலோரமாக நூல் பிடித்த மாதிரித் தண்ணீர் விட்டான். விரலை எடுத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மஞ்சள் சொட்டு. பிறகு மஞ்சள் மணல், கூழ் மாதிரி, என் உள்ளங்கையில் வழிந்தது. "பெலான், பெலான்" என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கெண்டியைத் தாழ்த்தினான். மெதுவாக, மெதுவாக. கோடு விளிம்பைத் தொட்டதும் விரலால் அடைத்தேன். மற்றவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

"ரெண்டு."

மூன்றாவது கோட்டில் மேலே மரம் முனகியது. யாரும் அசையவில்லை. என் தலைக்கு மேலே எத்தனை ஆயிரம் கல் இருக்கிறது என்று நினைக்கக்கூடாது என்று நினைத்து, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் முகம் வந்தது. நாலு, அஞ்சு. ஆறாவது கோட்டில் தாப்பாக்காரன் எண்ணுவதை நிறுத்திவிட்டான். நிமிர்ந்து பார்த்தேன்.

கல்லுக்கும் கூட்டுக்கும் நடுவே வெளிச்சம் வந்திருந்தது. உச்சியில் ஒரு மயிரிழை. அது இரண்டு பக்கமும் நீண்டுகொண்டே போனது, யாரோ அந்தப் பக்கமிருந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பது போல. இத்தனை நாள் எங்கள் முதுகில் ஏறி வந்த கல், எங்களைக் கேட்காமல், எதையும் பிடித்துக்கொள்ளாமல், தானாக நின்றது. எத்தனையோ வளைவு பார்த்திருக்கிறேன், ஆனால் சுத்தியல் சத்தத்தில் இந்த வெளிச்சத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. பெரிய கொத்தனார் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோவிலில் மட்டும்தான் அவர் அப்படிச் செய்வார். என் கையிலிருந்து மஞ்சள் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

துரை மேலே ஏறிக் குனிந்து, கல்லைத் தடவிப் பார்த்தார். உச்சி இரண்டு நூல் இறங்கியிருந்தது. விரிசல் ஒன்றுகூட இல்லை. இரண்டு பேருக்கும் அங்கேயே, காரின் முன்பக்கத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும். சாயந்திரம் தாப்பாக்காரன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, எந்தக் காலுக்கு மொதல்ல ஊத்துவீங்க? எப்பவும் கெழக்கா? எதுக்கு ஊத்துறீங்க?"

"எதுக்குக் கேக்குற?"

"பள்ளிக்கூடத்துக்கு எழுதித் தரணும். நடந்ததை நடந்த மாதிரி."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "என் முட்டாத்தனத்தைக் கோலாலம்பூர் வரைக்கும் கொண்டு போறியா? கையெழுத்துதான் கெடைச்சிருச்சுல்ல, இன்னும் என்ன?"

"எழுதலைன்னா அடுத்து வாரவன் எப்படி அக்கா தெரிஞ்சிக்குவான்?"

எழுந்து போய்விட்டேன். மறுநாள் அவர்கள் கிளம்பும்போது ஈப்போக்காரனுக்குக் கை காட்டினேன். தாப்பாக்காரன் வந்து நின்றபோது சுண்ணாம்புத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் போய்விட்டான். என்னைப் பற்றி எங்கேயோ ஒரு வகுப்பில் படித்துச் சிரிப்பார்கள் என்ற நினைப்பே மாதக்கணக்கில் என்னைத் தின்றது.

மறு வருஷம் பாகான் டத்தோ பக்கம், தென்னந்தோட்டத்துக் கால்வாய் மேல் இன்னொரு வளைவு. அதற்கும் மணல் பெட்டி. மூன்று புது மாணவர்கள் வந்தார்கள், வெள்ளைச் சப்பாத்தோடு. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே ஒருவன், தமிழ்ப் பையன், ஆளுயரக் கழி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான்.

"அக்கா, ஏழாவது காலை எங்க நடணும்?"

"எது ஏழாவது கால்? ஆறுதான்" என்றேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்தான். பள்ளியில் எல்லோருக்கும் கொடுத்ததாம். இங்கிலீஷில் இருந்தது. படித்துப் படித்துத் தமிழில் சொன்னான். மணலுக்கு மூன்று குணம் உண்டு. வறுபட்ட மணலை உயரத்திலிருந்து விட்டால் பச்சரிசி கொட்டும் சத்தம் கேட்க வேண்டும். ஒரு பெட்டி நனைந்துவிட்டால் கிளறாதே, தண்ணீர் விட்டு ஓடவிடு. இதையெல்லாம் வேலைத்தளத்துச் சுண்ணாம்பு அக்காவிடம் கேட்டுக் கையால் பழகிக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒன்று. கூடு இறங்குமுன் பெண்கள் அதன் கால்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி நன்றி சொல்வார்கள். அதை யாரும் தடுக்கக் கூடாது. அதற்கென்று கரையில், கூட்டுக்குப் பக்கத்திலேயே, பாரம் தாங்காத ஏழாவது கால் ஒன்றை நட்டுக்கொடுக்க வேண்டும்.

மடித்த தாளைப் பையில் வைத்துக்கொண்டு, கழியோடு காத்திருந்தான். தாப்பாக்காரனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அனுப்பினேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். என்னைப் பார்த்து அந்தப் பையன் பயந்துபோய், "தப்பா ஏதாவது சொல்லிட்டேனா அக்கா?" என்றான்.

"கெழக்கால நடு" என்றேன். "மொதல்ல சப்பாத்தைக் கழட்டு."